சங்குக்குள் கோழி

பொன்செல்வி கோபப்பட்டால் உயிர்வேதியியல் துறையின் மாடிப்படி வரைக்கும் கேட்கும். அவள் கோபப்படாத நாள் எது என்று கூட வேலை பார்ப்பவர்களிடம் கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள். ஆனால் அவள் பக்கத்தில் நின்று பார்த்தால் அவளைக் குறை சொல்லவும் மனசு வராது. அந்த ஆய்வகத்தில் பைப்பெட்டை எடுத்தவர்கள் எடுத்த இடத்தில் வைப்பதில்லை. கரைசல் கலக்கினால் பாட்டிலின் மேல் பெயரும் தேதியும் எழுதுவதில்லை. எழுதாத பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்து, இது இன்னதுதான் என்று அடித்துச் சொல்கிறவர்கள் நாளைக்கு முனைவர் பட்டம் வாங்கிப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கப் போகிறார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்க அவளால் ஆகவில்லை. ஏசினாள். ஏசியதும் ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அடுத்த வாரம் பைப்பெட் மறுபடியும் ஜன்னலோரம் கிடந்தது.

மாப்பிள்ளையூரணியில் அவள் அப்பா மந்திரமூர்த்திக்குப் பலசரக்குக் கடை. அவள் எம்.எஸ்சி. முடித்து ஆராய்ச்சியில் சேர்ந்த அன்றைக்கே கடைக்கு வருகிறவர்கள் அவளை டாக்டராக்கிவிட்டார்கள். பிள்ளைக்கு வயிற்றால் போகிறது, என்ன மாத்திரை கொடுக்கலாம் என்று கடை வாசலில் மறித்துக் கேட்பார்கள். நான் அந்த டாக்டர் இல்லை என்று முதலில் பொறுமையாக விளக்கிப் பார்த்தாள். பிறகு, உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். வருஷம் போகப் போக அவர்கள் மாத்திரையை விட்டுவிட்டு, அண்ணாச்சி, உங்க மக இன்னுமா படிக்கா என்று அப்பாவிடம் கேட்க ஆரம்பித்தார்கள். மந்திரமூர்த்தி பதில் சொல்லாமல் பருப்பை நிறுப்பார். பெண் கேட்டு வந்தவர்களிடம் அம்மா சீனித்தாய், படிப்பு முடியட்டும், படிப்பு முடியட்டும் என்று சொல்லிச் சொல்லியே வருகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

அவள் ஆராய்ச்சி சங்கைப் பற்றியது. ஊதுகிற சங்கு இல்லை. அதற்குள் உயிரோடு இருக்கிற பிராணி. கடலடியில் சகதியிலும் கிருமியிலும் ஊர்ந்து திரிகிற அந்தப் பிராணியின் உடம்பில் ஒரு வழவழப்பு சுரக்கிறது. அந்த வழவழப்பில் இருக்கும் ஏதோ ஒரு புரதம் கிருமிகளைக் கொல்கிறது. கொல்கிறது என்பதை அவள் நிரூபித்துவிட்டாள். அது என்ன புரதம், அதன் பெயர் என்ன, வம்சம் என்ன என்பதுதான் பாக்கி.

இதற்காக அவள் திரேஸ்புரம் கரையில் நின்ற நிற்பைக் கேட்டால் யாரும் ஆராய்ச்சிக்கே வரமாட்டார்கள். கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போன வள்ளங்கள் வெயில் தாழத் திரும்பும். சங்கு வைத்திருக்கிறவர்களுக்கு ஓடுதான் காசு. ஓட்டில் கீறல் விழக் கூடாது. அவளுக்கு வேண்டியதோ சங்கு உயிரோடு இருக்கும்போது அதன் மேல் வழியும் வழவழப்பு. அதனால் ஒரு ஐஸ் பெட்டியோடு மணலில் குத்தவைத்து, ஒவ்வொரு சங்காக வாங்கி, மழுங்கிய கரண்டியால் வழித்துக் குழாயில் விட்டுவிட்டு, பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பாள். மனுவேல் என்று ஒரு சங்குகுளிக்காரர், அவளைக் கண்டதும், சங்குக்குச் சளி பிடிச்சிருக்குன்னு டாக்டரம்மா வந்துட்டாவ என்று கரை முழுக்கச் சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் இதையே சொல்லுவார், ஒவ்வொரு தடவையும் எல்லோரும் சிரிப்பார்கள். பொன்செல்விக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் சங்கைக் கொடுக்கிறவரை ஏச முடியுமா?

கூடை கூடையாகச் சங்கை வழித்து எடுத்து வந்தால் ஒரு ஜாடி கோழை கிடைக்கும். அதை வடிகட்டி, குளிர் அறையில் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கண்ணாடித் தூண் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்கி, எந்தக் குழாயில் கிருமியைக் கொல்வது இறங்கியது என்று தேடிப் பிடிக்க வேண்டும். நடுவில் கரண்ட் போகும். ஜெனரேட்டர் போட ஆள் டீ குடிக்கப் போயிருப்பார். எல்லாம் தாண்டி, கடைசியில் உறைய வைத்து ஈரத்தை உறிஞ்சி எடுத்தால், சுண்டுவிரல் நீளக் குழாயின் அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள் மிஞ்சும். ஊதினால் பறந்துவிடும். அவள் இளமையில் பாதி அந்தத் தூளில் இருந்தது. அதை மைனஸ் எண்பது ஃப்ரீசரில் ஒரு பெட்டிக்குள் பெட்டியாக வைத்து, மேலே தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்.

அவளுடைய கைடு பேராசிரியர் நேசக்குமார், நாசரேத்துக்காரர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. மாணவர்கள் செய்கிற தப்பையெல்லாம் அவர் பெருமூச்சோடு மன்னித்துவிடுவார், அதனால் ஏசுகிற வேலையும் பொன்செல்வி தலையில் விழுந்தது. அவருக்குச் சந்தோஷம் வந்தால் மக்ரூன் வரும். ஒருத்தர் கட்டுரை வெளியானால் மக்ரூன். ஒருத்தருக்கு உதவித்தொகை கிடைத்தால் மக்ரூன். பழுதான சென்ட்ரிஃப்யூஜ் இயந்திரம் மறுபடி ஓடினால் அதற்கும் மக்ரூன். பேக்கரியில் வாங்கிய பொட்டலத்தைச் சோதனை மேசை மேலேயே பிரித்து வைத்து, எல்லோரையும் கூப்பிட்டு ஆளுக்கு இரண்டு எடுத்துக் கொடுப்பார்.

தூத்துக்குடி மக்ரூன் என்பது முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, சர்க்கரையும் முந்திரிப் பொடியும் சேர்த்துக் கூம்பு கூம்பாகச் சுட்டு எடுப்பது. வாயில் வைத்தால் கரையும். கையில் எடுத்தால் உதிரும். உதிர்ந்த தூள் மேசையில் கிடந்தால் மின்விசிறிக் காற்றுக்கு அங்கங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாள் தன் தராசுத் தட்டில் அது கிடப்பதைப் பார்த்துவிட்டுப் பொன்செல்வி, ஆய்வகத்துக்குள் தின்பண்டம் கொண்டுவரக் கூடாது என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள். நேசக்குமார் சார் அதை நின்று படித்து, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று பாராட்டினார். அடுத்த வாரம் அந்தத் தாளுக்குக் கீழே நின்றே மக்ரூன் கொடுத்தார்.

கூட ஆராய்ச்சி செய்யும் டயானா மணப்பாட்டுக்காரி. எதையும் சிரிப்பில் தள்ளிவிடுகிறவள். மக்ரூனெல்லாம் தின்பண்டக் கணக்குல வராதுளா, அது வெறும் காத்து என்றாள். பொன்செல்வி அன்றைக்கே அந்தத் தாளில் 'மக்ரூன் உட்பட' என்று சிவப்பு மையில் சேர்த்தாள். அதற்கும் ஆய்வகம் முழுக்கச் சிரித்தது. பிறகு மக்ரூன் அவள் இல்லாத வேளை பார்த்து வர ஆரம்பித்தது. மேசை விளிம்பில் வெள்ளைப் பொடியைப் பார்த்து அவள் கண்டுபிடிப்பாள், கண்டுபிடித்து ஏசுவாள், எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார்கள்.

இப்படி இருக்கையில் அவளுக்குக் காலம் நெருங்கியது. பல்கலைக்கழகம் கொடுத்த அவகாசம் முடிந்து, நீட்டித்ததும் முடியப் போனது. நகரத்தில் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் இடம் காலியாக இருந்தது. நேர்காணலில் அவளைப் பிடித்துப்போய்விட்டது. கல்லூரி திறக்கும்போது பட்டம் கையில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். பட்டத்துக்காக அவள் ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்த கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளர், எல்லாம் நன்றாக இருக்கிறது, அந்தப் புரதம் எது என்று சொல்லிவிடுங்கள், ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார். ஆக, கட்டுரை, பட்டம், வேலை, சீனித்தாயின் பெருமூச்சு எல்லாம் அந்தச் சிட்டிகைத் தூளில் வந்து நின்றது. பொன்செல்வி தூளில் பாதியை எடுத்து, பெங்களூரில் புரதங்களை அடையாளம் காட்டும் இயந்திரம் வைத்திருக்கிற ஒரு கூடத்துக்கு ஐஸில் வைத்துக் கூரியர் அனுப்பினாள். அனுப்பும் தாளில் நேசக்குமார் சார் கையெழுத்துப் போட்டார். போடும் முன் அந்தத் தாளை மூன்று தடவை படித்தார். வயசாகிவிட்டது, ஓய்வு பெறப் போகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அங்கிருந்து போன் வந்தபோது அவள் ஆய்வகத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பேசியவன் சேலத்துப் பையன். முதலில் கொஞ்சம் தயங்கினான்.

"மேடம், நீங்க அனுப்பினது கடல்ல இருக்கற சங்குதானே?"

ஆமாம் என்றாள்.

"இதுல கோழி வருது மேடம். முட்டையோட வெள்ளைக்கரு. அப்புறம் முந்திரிப்பருப்பு. சங்கும் லேசா வருது, ஆனா இன்ன புரதம்னு உறுதியா சொல்ற அளவுக்கு இல்ல. வேற ஏதாவது பேக்கரி சாம்பிளோட மாறிப்போச்சா?"

சேலத்துக்காரனுக்குப் புரியவில்லை. தூத்துக்குடிக்காரிக்கு அவன் முந்திரி என்று முடிக்கும் முன்பே புரிந்துவிட்டது. வெள்ளைக்கரு, முந்திரி. இதற்கு இயந்திரமே வேண்டாம், இந்த ஊர்ப் பிள்ளையைக் கேட்டாலே சொல்லிவிடும். போனை வைத்துவிட்டு ஈரக் கையோடு அப்படியே நின்றாள். பிறகு திரும்பினாள். டயானா புரதங்களைப் பிரிக்கும் ஜெல் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவள் ஏசிய ஏச்சு அடுத்த கட்டிடத்துக்குக் கேட்டது. காத்துன்னு சொன்னேல்லா, அந்தக் காத்து எங்கன போய் உட்கார்ந்திருக்குன்னு பாரு என்று ஆரம்பித்து, டயானாவின் சோம்பல், சிரிப்பு, வாய், மணப்பாட்டிலிருந்து பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுவரும் தீனி, ஒன்றையும் விடவில்லை. மேசையில் இறைந்து கிடக்கும் பொடி தானாக மூடிபோட்ட குழாய்க்குள் ஏறாது, யாரோ திறந்திருக்கிறார்கள், உன்னைத் தவிர யார் என்றாள். டயானா முதல் தடவையாகச் சிரிக்கவில்லை. பொன்செல்வி மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாகச் சொன்னாள்.

"நான் செஞ்சிருந்தா உங்கிட்ட சொல்லியிருக்கவே மாட்டேன்ளா. ஆனா நான் செய்யல."

அது என்ன பதில் என்று பொன்செல்விக்கு அப்போது விளங்கவில்லை. கொழுப்பு என்று எடுத்துக்கொண்டாள். டயானா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே போனாள். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. ஒரே அறையில், ஒரே மேசையில், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தார்கள்.

ஃப்ரீசரில் மிச்சமிருந்த பாதித் தூளும் அதே தூள்தான். புதிதாகச் சங்கு எடுத்தால்தான் உண்டு. பொன்செல்வி திரேஸ்புரத்துக்கு ஓடினாள். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று தொடங்கியிருந்தது. கடல் அடிமண்ணோடு கலங்கிக் கிடந்தது. மனுவேல் கரையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். தன் கையே தெரியாத தண்ணீரில் சங்கை எங்கே தேடுவது, காற்று அடங்கட்டும் என்றார். எப்போது அடங்கும் என்று கேட்டாள். அது காற்றுக்குத்தான் தெரியும் என்றார். அன்றைக்கு அவர்கூடச் சளியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்திருப்பார்.

மறுநாள் நேசக்குமார் சார் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். டயானா அழுததாகக் கேள்விப்பட்டேன் என்றார். அவள் அழட்டும் சார் என்றாள் பொன்செல்வி. அவர் கண்ணாடியை மேசையில் வைத்தார்.

"அவ இல்லம்மா. நான்தான்."

பொன்செல்விக்கு முதலில் காதில் ஏறவில்லை. அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆழ்வார்திருநகரியில் சித்தப்பா மகள் கல்யாணம் என்று அவள் லீவு போட்டிருந்த நாளில், அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர், வடக்கே பேராசிரியராக இருக்கிறவர், பார்க்க வந்திருக்கிறார். மக்ரூன் வாங்கி மேசையில் பிரித்து வைத்திருக்கிறார் சார். பேச்சு பொன்செல்வியின் வேலையைப் பற்றித் திரும்பியிருக்கிறது. பெருமை தாங்காமல் ஃப்ரீசரைத் திறந்து, பெட்டிக்குள் பெட்டியைத் திறந்து, குழாயையும் திறந்து காட்டியிருக்கிறார். மேலே மின்விசிறி ஓடியிருக்கிறது. குழாய் கை நழுவியிருக்கிறது. தூள் மேசையில், மக்ரூன் உதிர்ந்து கிடந்த இடத்திலேயே விழுந்திருக்கிறது. இரண்டும் வெள்ளை, இரண்டும் பூப்போல. சிநேகிதரின் விசிட்டிங் கார்டால் வழித்து எடுத்துக் குழாயில் போட்டு மூடி, பழையபடி பெட்டிக்குள் வைத்துவிட்டார். கொஞ்சம் சர்க்கரைதானே ஒட்டியிருக்கும், இயந்திரம் கண்டுகொள்ளாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

இதைச் சொல்கிறவர் ஆயுள் முழுக்கப் புரதத்தைப் பற்றிப் பாடம் நடத்தியவர். வெள்ளைக்கருவில் என்ன இருக்கிறது என்று முதல் வருஷப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். அப்பதான் காத்து இல்லையே, கடல் தெளிஞ்சு கிடந்துச்சே. நான் மறுபடி எடுத்திருப்பேனே."

"சொல்லணும்னு உன் மேசை வரைக்கும் வந்தேன். ரெண்டு மூணு தடவை வந்தேன். நீ ஏசுவேன்னு பயமா இருந்துச்சும்மா."

அவள் வாயில் தயாராக இருந்ததெல்லாம் அப்படியே நின்றுபோயிற்று. துணைவேந்தர் முன்னால் உட்கார்ந்து வாதாடிய மனிதர். அவளைவிட வயதில் எவ்வளவோ மூத்தவர். அவர் மேசை வரைக்கும் வந்து திரும்பிப் போனதை அவள் பார்த்திருக்கிறாள். என்ன சார் என்று தலையை நிமிர்த்தாமல் கேட்டிருக்கிறாள். ஒன்றுமில்லை என்று அவர் போயிருக்கிறார். டயானா சொன்னதும் இப்போதுதான் விளங்கியது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வேண்டியிருந்ததே என்று அதற்கு மேல் ஆத்திரமாக இருந்தது. கொட்டியவர் இவர், மறைத்தவர் இவர், குறுகிப்போய் உட்கார்ந்திருப்பது அவளா? இந்த ஆய்வகத்தில் நியாயமாகக் கோபப்படக்கூட ஒருத்திக்கு வழி கிடையாதா?

சார் ஒரு யோசனை சொன்னார். கோழியும் முந்திரியும் வெளியிலிருந்து விழுந்தவை என்பது தெரிந்ததுதான், அவற்றை எடுத்துவிட்டுச் சங்கை மட்டும் காட்டி அனுப்பிவிடலாம், கட்டுரை வந்துவிடும், பட்டமும் வேலையும் கைக்கு வந்துவிடும் என்றார். சங்கு உறுதியாக வரவில்லையே சார் என்றாள். லேசாக வந்திருக்கிறதே என்றார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். கச்சான் காற்று வேப்பமரத்தை ஆட்டிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அப்பா பருப்பை நிறுக்காமல் நிமிர்ந்து பதில் சொல்வார். ஆனால் லேசாக வந்ததற்கு அவள் ஒரு பெயரை வைத்தால், நாளைக்கு வேறொருத்தி அதை நம்பி எங்கோ ஒரு கரையில் ஐஸ் பெட்டியோடு குத்தவைத்து உட்காருவாள். மோந்து பார்த்து இதுதான் என்று சத்தியம் செய்கிறவர்களை இத்தனை வருஷம் ஏசிவிட்டு, இப்போது அவளே அதைச் செய்வதா?

வேண்டாம் சார், இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டு எழுதிக் கொடுங்கள் என்றாள். அவகாசம் கேட்டால் கல்லூரி இடம் போய்விடும் என்று இருவருக்கும் தெரியும்.

சார் எழுதினார். தவிர்க்க முடியாத காரணங்களால் என்று எழுதியிருந்தார். பொன்செல்வி தாளைத் திருப்பிக் கொடுத்தாள். தவிர்க்க முடியாத காரணம் என்று எழுதினால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஏற்கெனவே நீட்டித்தாயிற்று, உள்ளதை எழுதுங்கள் என்றாள். மறுபடி எழுதினார், தொழில்நுட்பக் கோளாறு என்றிருந்தது. மக்ரூன் எந்தத் தொழில்நுட்பம் சார் என்று கேட்டாள். அவர் அதற்குப் பிறகு பல நாள் அந்தத் தாளைத் தொடவே இல்லை. அவளைக் கண்டால் வேறு வராந்தாவில் போனார். கெடு முடியும் தறுவாயில் ஒரு காலை, அவள் மேசையில் கடிதம் இருந்தது. தன் கவனக்குறைவால் மாணவியின் மாதிரியில் மக்ரூன் துகள் கலந்துவிட்டது, அதை உரிய நேரத்தில் அவளிடம் சொல்லாமல் விட்டது தன் தவறு, மாணவி மேல் குற்றமில்லை என்று கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்.

அந்தக் கடிதம் எந்த அலுவலகத்துக்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் சிரிப்பாகச் சிரித்தார்கள். வளாகத்தில் அவருக்கு மக்ரூன் சார் என்று பெயர் விழுந்தது. ஓய்வு பெறப் போகிற கடைசி வருஷத்தில், எதிரே வருகிறவன் வாயை மூடிக்கொண்டு சிரிப்பதைப் பார்த்தும் பார்க்காதது போல் அவர் நடந்து போனார். பொன்செல்விக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. சிரித்த ஒருவனை நடுவராந்தாவில் நிறுத்தி ஏசினாள். அவகாசம் கிடைத்தது, இதுவே கடைசி என்ற எச்சரிக்கையோடு. கல்லூரி இடத்தில் வேறொருத்தி சேர்ந்தாள். சீனித்தாய் அதைக் கேட்டுவிட்டு, சரி, சாப்பிட வா என்றாள். அதுதான் பொன்செல்விக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

டயானாவிடம் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. உன்மேல தப்பு இல்ல என்று மட்டும் சொன்னாள். அது எனக்கே தெரியும்ளா என்றாள் டயானா. கையுறையை மாட்டிக்கொண்டு, ஜெல் ஊத்துதேன், கொஞ்சம் பிடி என்றாள். பேச்சு அப்படித் திரும்பியது.

காற்று தணிந்து கடல் தெளிந்ததும் பொன்செல்வி மறுபடி கரைக்குப் போனாள். சங்குக்கு இன்னுமா சளி விடல என்றார் மனுவேல். இந்தத் தடவை வழித்து முடிக்கும் வரை டயானா ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். நேசக்குமார் சார், நானும் உதவி செய்கிறேன் என்று வந்து சேர்ந்தார். வேண்டாம் சார் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. சுவெட்டரும் மஃப்ளருமாகக் குளிர் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். குழாய்களுக்கு நம்பர் போட்டார். போட்ட நம்பரையே இன்னொன்றுக்கும் போட்டார். டயானாவும் பொன்செல்வியும் அவர் போன பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தினார்கள். அவர் பிராயச்சித்தம் அவள் வேலையை இரண்டு மடங்காக்கியது.

கடைசிக் கட்டம் வந்தது. புரதத்தை ஒரு சவ்வுப் பையில் கட்டி, உப்பு இறங்குவதற்காகக் கரைசலில் மிதக்கவிட வேண்டும். பையைக் கட்டிக் கையில் வைத்திருந்தபோது பொன்செல்விக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. நான் போட்டுவிடுகிறேன், நீ போ என்றார் சார். மேசையில் ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிப் பாத்திரங்கள் இருந்தன. ஒன்றில் கரைசல். இன்னொன்றில் பாத்திரம் கழுவுகிற அமிலம். அதன் மேல் அமிலம் என்று அவள் கையால் எழுதியிருந்தது. அவள் கரைசல் இருந்த பாத்திரத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனாள்.

அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்திருப்பாள். படியில் யாரோ தடதடவென்று இறங்கி வரும் சத்தம் கேட்டது. நேசக்குமார் சார். மஃப்ளர் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. மூச்சு இரைத்தது. அலுவலகத்தில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்.

"பொன்செல்வி, பையை அமிலத்துல போட்டுட்டேம்மா. இப்பதான். எடுத்தா கிழிஞ்சிருமோன்னு தொடல. நான்தான்."

அவள் பேனாவைப் போட்டுவிட்டு ஓடினாள். கையுறையை மாட்டிப் பையை அள்ளி எடுத்துக் கரைசலில் முக்கி, அலசி, வேறு கரைசலில் முக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே திரிந்திருந்தால் பாலில் எலுமிச்சை விட்டது மாதிரி வெள்ளையாகத் திரண்டிருக்கும். திரளவில்லை. தெளிவாகத்தான் இருந்தது. அமிலம் சவ்வைத் தாண்டி உள்ளே இறங்கும் முன் எடுத்தாயிற்று. டீ குடித்துவிட்டு வந்து சொல்லியிருந்தால் எல்லாம் போயிருக்கும். அவள் பையைச் சரியான பாத்திரத்தில் விட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சார் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது. கண்ணாடியை மாட்டாமல்தான் பையைப் போட்டிருக்கிறார். டயானா அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். ஏச்சு பொன்செல்வியின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அவள் விழுங்கப் பார்த்தாள், முடியவில்லை.

"ஏசலையாம்மா?" என்றார் சார்.

"ஏசத்தான் போறேன். அதுக்காகச் சொல்லாம மட்டும் இருந்துராதீங்க."

பிறகு ஏசினாள். கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அமிலத்தைக் கையாள்கிற பேராசிரியரை எந்த நாட்டில் பார்த்தது என்பதில் தொடங்கி, ஒரே நம்பர் போட்ட குழாய்கள், மஃப்ளர், மக்ரூன் வரைக்கும் போனாள். மாடிப்படி வரைக்கும் கேட்டது. நேசக்குமார் சார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

அந்தப் பையில் இருந்ததை உறைய வைத்து எடுத்த தூள்தான் பெங்களூருக்குப் போனது. சேலத்துப் பையன் போன் செய்து, இந்தத் தடவை கோழி இல்லை மேடம், சங்கு மட்டும்தான், பெயரும் உறுதியாகிவிட்டது என்றான். அன்று சார் பொட்டலத்தோடு வந்தார். ஆய்வகத்துக்குள் நுழையாமல், வராந்தாவின் கடைசியில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று எல்லோரையும் கூப்பிட்டார். பொன்செல்வி கடைசியாக வந்தாள். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, சாவியைக் கைப்பையில் போட்டுவிட்டுத்தான் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.